ஏழு டம்ளர்கள் இருந்த துணி அறையைத் திறந்து தர வேண்டி

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
இரண்டாவது மேசை, பதிவு அலுவலக வாசல்.
(ரத்தநோய்ப் பிரிவில் சிகிச்சை பெறும் நோயாளியின் கணவர்)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: இரண்டாம் மாடியில் ரத்தப் புற்றுநோயாளிகளின் குடும்பத்தினர் கூடிவந்த பழைய துணி அறை பூட்டப்பட்டது – வரும் வியாழக்கிழமைக்குள் திறந்து தர வேண்டுதல் – அது குறித்த புகாரைப் பற்றிச் சில உண்மைகள் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. கையொப்பம் இல்லாத புகார் மனு, சென்ற மாதம் 20ஆம் தேதி.
2. கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு, இம்மாதம் 2ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். நிலத்தின் எல்லை தவறாகப் போடப்பட்டவர், சான்றிதழில் தகப்பனார் பெயர் மாறிப்போனவர், குழாயில் தண்ணீர் வராத தெருவைச் சேர்ந்தவர் என்று என் மேசைக்கு முன் உட்கார்ந்து அழாதவர்கள் குறைவு. அவர்கள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, அழுகையை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தட்டச்சு செய்வேன். அதிகாரிக்கு அழுகை வேண்டாம், தேதி வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். என் பெயரில் நானே எழுதும் முதல் மனு இது. அழுகையை எடுத்துவிடத்தான் பார்க்கிறேன். எங்காவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. ஏழு மாதங்களுக்கு முன் என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தங்கள் மருத்துவமனையில் உறுதி செய்யப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் குடும்பம் இரண்டாம் மாடியிலும் வீட்டிலுமாக மாறி மாறி வாழ்ந்து வருகிறது. இரண்டாம் மாடியில், மருந்து ஏற்றும் பகல்நேரப் பிரிவுக்கு எதிரே, முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த சிறிய அறை ஒன்று உண்டு. கதவில் இன்னும் ‘துணி’ என்றே எழுதியிருக்கும். பத்தடிக்கு எட்டடி. இரும்பு அலமாரிகளில் விரிப்புகளுக்குப் பதில் எங்கள் பைகள் இருக்கும். ஒரு பெஞ்சு, கால் ஆடும் நான்கு நாற்காலிகள், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு மின்கெண்டி, சில டம்ளர்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகு தெரியும். தங்களுக்கு முன்பிருந்த கண்காணிப்பாளர் வாய்மொழியாக அனுமதித்த அறை அது. எழுத்தில் எதுவும் வாங்கப்படவில்லை. அப்போது நான் இருந்திருந்தால் அன்றே எழுதி வாங்கியிருப்பேன்.

3. அந்த அறைக்குச் சில பழக்கங்கள் உண்டு. அங்கே யாரும் யாரையும் ‘எப்படி இருக்கார்?’ என்று கேட்பதில்லை. கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘இன்னிக்கு எண் என்ன?’ என்று கேட்பார்கள். அன்றைய ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்பதுதான் எண். எண்ணைச் சொன்னால் போதும், சிரிக்கலாமா அல்லது பெஞ்சில் இடம் விட வேண்டுமா என்று அறைக்குத் தெரிந்துவிடும். ஒரே வாரத்தில் சிகிச்சை தொடங்கியவர்களை ‘ஒரே செட்’ என்பார்கள். இன்னொரு பழக்கம்: ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்வதற்கு அங்கே தடை. மீறிச் சொன்னவர் அன்று எல்லா டம்ளர்களையும் கழுவ வேண்டும். முதல் மாதத்தில் மட்டும் நான் பதினொரு முறை கழுவினேன். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் தன் தங்கைக்காக வந்துகொண்டிருந்தார். அவரும் நாங்களும் ஒரே செட். எனக்கு ‘டம்ளர் மந்திரி’ என்று பட்டம் கொடுத்தவர் அவர்தான். அறைக்குத் தலைவி என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் கெண்டி தையல்காரம்மாவுடையது. அவருடைய கணவர் மூன்றாவது ஆண்டாகச் சிகிச்சையில் இருக்கிறார்.

4. அந்த அறை எங்களுக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை மட்டும் பணிந்து தெரிவிக்கிறேன். இரண்டாவது சுற்று மருந்து முடிந்து என் மனைவி வீட்டில் இருந்த ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானி வைத்தேன், தொண்ணூற்றொன்பது. பெரிய காரியம் செய்துவிட்டவன் போலத் தையல்காரம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ‘மாத்திரை குடுத்தீங்களா?’ கொடுத்தேன் என்றேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு சொன்னார்: ‘அப்ப அது காய்ச்சலோட எண் இல்ல சார், மாத்திரையோட எண். வெள்ளை அணு இல்லாத உடம்புல காய்ச்சல் ஒண்ணுதான் சத்தம் போட்டு நம்மளக் கூப்பிடும். அதோட வாயை நீங்க பொத்திட்டீங்க. துணி எடுக்க நிக்காதீங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்னு நிக்காதீங்க. கிளம்புங்க.’ கிளம்பினோம். வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தேன். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் ரத்தத்தில் தொற்று கைமீறிப் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனை கொடுத்த பதினொரு பக்கத் தாளில் ஏழாம் பக்கத்தில் இது தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நான் தாள் படித்துப் பிழைப்பவன், ஐயா. முதல் பக்கத்திலிருந்த நோயின் பெயரைத் தாண்ட எனக்கு மூன்று வாரம் ஆனது.

5. அதன் பிறகு அறையில் ஒரு முறை ஏற்பட்டது. புதிதாக ஒரு குடும்பம் வந்தால், கையில் டம்ளரைக் கொடுத்து, அது ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்: நூறு புள்ளி நான்கு. அளங்க, மாத்திரை வேண்டாம், வாங்க. வெப்பமானி அந்த எண்ணைத் தொட்டால் மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று பொருள். இதைச் சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ‘தப்புப் பண்ணவரே சொன்னாத்தான் மண்டையில ஏறும்’ என்றார் தையல்காரம்மா. அந்தப் பொறுப்பில் நான் பதினாறு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் செருப்புக் கதையையும் சேர்த்தே சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தது மறக்காது.

6. மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்பவனுக்கு வேறொன்று தேவைப்படுகிறது. தனக்கு முன்பே இதே பயத்தைப் பட்டவர், பட்டும் இன்னும் பேருந்து பிடித்து வேலைக்குப் போகிறவர், அவரைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அறை என் பயத்தைப் போக்கவில்லை. பயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தது. என் மனைவிக்கு நான் வடித்த சோறு குழைந்திருந்தது என்பது வேறு விஷயம்.

7. இம்மாதம் 2ஆம் தேதி அறை பூட்டப்பட்டது. பார்வை 2இல் கண்ட அறிவிப்பு பின்வருமாறு: ‘மேற்படி அறையில் முறையான அனுமதியின்றி வெளியாட்கள் கூடுவதாகவும், மருத்துவர் அல்லாதோர் மருத்துவ ஆலோசனை வழங்குவதாகவும், நோயாளிகளின் மனம் தளரும்படி தவறான செய்திகள் பரப்பப்படுவதாகவும், பொதுவாகப் பயன்படுத்தப்படும் ஏழு டம்ளர்களில் இரண்டு விளிம்பு உடைந்து தொற்றுக்கு இடமளிப்பதாகவும் பெறப்பட்ட புகாரின் பேரில், மறு உத்தரவு வரை அறை பூட்டப்படுகிறது.’ அன்று முதல் குடும்பங்கள் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள பேருந்து நிழற்குடையில் கூடுகின்றன. அங்கே எண்களைச் சத்தமாகச் சொல்ல முடிவதில்லை. பேருந்துக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மழை பெய்தால் எல்லோரும் ஒண்டுவதற்கு அங்கே இடம் இல்லை. பலர் வருவதையே விட்டுவிட்டார்கள்.

8. 4ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பூட்டிய கதவின் முன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் போலும், காதோரம் பச்சை ஒட்டியிருந்தது. அவருடைய மனைவிக்கு முதல் சுற்று மருந்து முடிந்திருந்தது. என்னைப் பார்த்து, ‘இங்க ஒரு ரூம் இருக்கும், போய்க் கேளுங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. இதுங்களா?’ என்று கேட்டார். ‘மூடிட்டாங்க’ என்றேன். ‘எதுக்குங்க?’ ‘தெரியல.’ வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்க வந்தேன் என்றார். தாள் கொடுத்திருப்பார்களே என்றேன். ‘குடுத்தாங்க. பதினோரு பக்கம்’ என்றார். ‘படிங்க’ என்று சொல்லிவிட்டு நான் படியிறங்கிவிட்டேன். பதினாறு குடும்பங்களுக்குச் சொன்ன அந்த எண்ணும் சொற்களும் என் வாயிலேயே இருந்தன. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்துத் தவறாமல் மாத்திரை கொடுத்திருக்கிறார். உடம்பு சூடு இறங்க இறங்க நிம்மதியாக இருந்தாராம். ஞாயிறு காலை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. இன்றுவரை நான்காம் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

9. அன்று அவரிடம் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இம்மனு முழுமையாகாது. அந்த அறை யாரால் பூட்டப்பட்டது என்று எனக்குத் தெரியும். பார்வை 1இல் கண்ட புகாரை எழுதியவன் நான். மொட்டைக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருபவர்களை என் மேசையிலிருந்து திருப்பி அனுப்புவது என் பதினெட்டு வருடப் பெருமை. பெயர் போட தைரியம் இல்லாவிட்டால் புகாரில் நியாயம் இல்லை என்று அவர்களுக்கு உபதேசம் வேறு செய்வேன். சென்ற மாதம் 20ஆம் தேதி காலையில், ஒரு பிறப்புச் சான்றிதழுக்கும் ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கும் நடுவில், இருபது நிமிடத்தில் அதைத் தட்டச்சு செய்து, கீழே ‘பொதுநலன் விரும்பி’ என்று போட்டேன்.

10. காரணம் பின்வருமாறு. அதற்கு முந்தைய நாள் லிஃப்ட் மெக்கானிக் அறைக்குள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ‘தங்கச்சிக்குத் திரும்பிடுச்சு’ என்றார். நோய் திரும்பிவிட்டது என்று பொருள். அவர் தங்கையும் என் மனைவியும் ஒரே செட். ஒரே வாரம், ஒரே மருந்து, அடுத்தடுத்த படுக்கை. தலைமுடி கொட்டியபோது இருவரும் ஒரே சீப்பைத் தூக்கிப் போட்டவர்கள். அறைக்குள் நோயாளிகள் வருவதில்லை. ஆனால் அன்று என் மனைவி என்னைத் தேடி வந்து கதவருகே நின்றிருந்தார், கேட்டுவிட்டார். அதுவரை நோய் திரும்பக்கூடும் என்பதை நான் அவரிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் கேட்டார்: ‘எனக்கும் திரும்புமா?’ நான், ‘எல்லாம் சரியாயிடும்’ என்றேன். ‘அப்படிச் சொன்னா டம்ளர் கழுவணும்னு சொல்லியிருக்கீங்களே’ என்றாள். அவள் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நோய் மேல் கோபப்பட்டு என்ன செய்வது, அதற்கு மனு போட அலுவலகம் இல்லை. செய்தி சொன்னவர் மேல் கோபப்பட்டேன். செய்தி கேட்ட அறையின் மேல் கோபப்பட்டேன். அந்த அறையே இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தெரியாதவரை ஒன்றும் நடக்காது என்று அந்த இருபது நிமிடம் நான் உண்மையாகவே நம்பினேன்.

11. அந்தப் புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதத் தெரிந்தவன் எழுதியது. ஆனால் புகார் முழுவதும் பொய். மருத்துவர் அல்லாதோர் ஆலோசனை வழங்கியது உண்மை, ‘மருத்துவரிடம் போ’ என்பதே அந்த ஆலோசனை. எழுத்தில் அனுமதி இல்லாதது உண்மை, இப்போது கேட்கிறோம். டம்ளர் குறித்த குறை நியாயமானதே, அவற்றை மாற்றிவிட்டு ஒவ்வொருவரும் தன் டம்ளரைத் தானே கொண்டுவருவதாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாசலில் கை கழுவும் மருந்து வைக்கவும், இருமல் உள்ளவரை உள்ளே விடாதிருக்கவும், நோயாளிகள் வராமல் பார்த்துக்கொள்ளவும், வாரம் ஒரு முறை செவிலியர் ஒருவர் வந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பிழை திருத்தவும் நாங்கள் முழு மனதுடன் சம்மதிக்கிறோம். ‘தவறான செய்தி’ என்று நான் எழுதியதற்கு மட்டும் பரிகாரம் எதுவும் தோன்றவில்லை. அது சரியான செய்தி.

12. வரும் வியாழக்கிழமை என் மனைவி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக அனுமதிக்கப்படுகிறார். அவருடைய அக்காவின் மஜ்ஜை பொருந்தியிருக்கிறது. ஏழாம் எண் தனி அறையில் குறைந்தது முப்பது நாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. வெள்ளை அணுவின் எண் பூச்சியத்துக்கு இறங்கும், பிறகு ஏற வேண்டும். ஏறும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனையாவது நாள் ஏறும், ஏறாவிட்டால் என்ன என்பதை எந்தத் தாளின் எந்தப் பக்கத்தில் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தையல்காரம்மா அந்தக் கண்ணாடிக்கு வெளியே முப்பத்தாறு நாள் நின்றவர். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு பக்கத்துக்கு இருக்கின்றன. பேருந்து நிழற்குடையில் நின்று கேட்கக்கூடியவை அல்ல அவை. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, ஐயா. மனுவில் எழுதக் கூடாத வாக்கியம் இது. மற்றவர்கள் சொன்னால் அடித்துவிடுவேன்.

13. சென்ற வாரம் தையல்காரம்மா என்னிடம் வந்து, ‘நீங்கதானே எழுதுறவர். ரூம் தொறக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்க, நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்’ என்றார். முதலில் எழுதிய மனுவில் பத்தி 9 முதல் 11 வரை இல்லை. ஒரு பக்கத்தில் முடிந்த, மிக நல்ல மனு. அதைக் கிழித்துவிட்டேன். இதை நாளை செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் முன் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் கேட்பதாக இருக்கிறேன். கையொப்பம் ஒன்றும் கிடைக்காமல் என் ஒருவன் பெயரில் தங்களிடம் வந்தால், காரணம் இதுதான் என்று கொள்ளவும்.

(இதுவரை திங்கட்கிழமை தட்டச்சு செய்யப்பட்டது. இனி வருவது செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சேர்க்கப்பட்டது.)

14. முதலில் ஒரு திருத்தம். என் மனைவி இம்மனுவைப் படித்தார். பத்தி 10இல் ‘அவள் அழவில்லை’ என்றிருப்பதை மாற்றச் சொன்னார். ‘அழுதேன். நீங்க ரோட்டைப் பார்த்துட்டு வந்தீங்க’ என்றார். தட்டச்சு செய்ததை அடிக்காமல் திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன். பிறகு அவர் வியாழக்கிழமைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பையில் என் சட்டைகள் நான்கையும் மடித்து வைத்தார்.

15. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு நிழற்குடையில் படித்தேன். ஒன்பது பேர் இருந்தார்கள். பெயின்டரும் வந்திருந்தார். நான்காம் மாடியில் பார்வை நேரம் முடிந்து அவரையும் கீழே அனுப்பியிருந்தார்கள். பத்தி 9 வந்ததும் தாளை மடக்கினேன். ‘படிங்க சார், பஸ் வந்துடும்’ என்றார் தையல்காரம்மா. படித்து முடித்தேன். பேருந்து வந்தது. யாரும் ஏறவில்லை.

16. தையல்காரம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். ‘கதவுல ஒட்டின அன்னிக்கே தெரியும். ஏழு டம்ளர்னு போட்டிருந்துச்சு. கெண்டி என்னோடது, எனக்கே எத்தனைன்னு தெரியாது. அதுல ரெண்டு விளிம்பு உடைஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? விரல் வச்சுக் கழுவினவருக்குத்தான் தெரியும்.’ எண்ணிக்கை இல்லாத புகாரை அதிகாரி தூக்கிப் போட்டுவிடுவார் என்று பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்த பழக்கத்தில், மொட்டைக் கடிதத்திலும் கை தானாக எண்ணிவிட்டது. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். ‘கேட்டா இல்லைன்னுருப்பீங்க. அப்புறம் எங்க முகத்துல முழிக்க மாட்டீங்க. உங்க வீட்டம்மாவுக்கு முப்பது நாள் இருக்கே, அந்த முப்பது நாள் யாரு கூட ஒக்காருவீங்க?’ என்றார். அதனால்தான் என்னையே மனு எழுதச் சொன்னாராம்.

17. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தெரிந்திருக்கவில்லை. தையல்காரம்மா அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார். அவர் தங்கைக்கு இப்போது இரண்டாம் முறையாகச் சிகிச்சை நடக்கிறது. என்னைப் பார்த்து, ‘என் தங்கச்சிக்குத் திரும்புனது உங்களுக்குத் தப்பான செய்தியா?’ என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார். பிறகு மற்றவர்களிடம், ‘நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரூம் தொறந்தா வருவேன். இவர் பக்கத்துல ஒக்கார மாட்டேன்’ என்றார். அவர் சொன்னதை அவர் அனுமதியுடன் பதிவு செய்கிறேன். அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

18. பெயின்டர் பத்தி 5ஐ மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். ‘இவ்வளவுதானா?’ என்றார். இவ்வளவுதான் என்றேன். ‘அன்னிக்குச் சொல்லியிருந்தா இது ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காதே’ என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவர் மனைவி நேற்று ஒரு முறை கண் திறந்தாராம், யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். பிறகு அவர் சொன்னார்: ‘அதைக் கதவுக்கு வெளியில எழுதணும். உள்ள எழுதினா, பூட்டிட்டாத் தெரியாது. நான் எழுதறேன். பெயின்ட் என்கிட்டயே இருக்கு.’ கையொப்பம் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் தராமல் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, நான்காம் மாடிக்குப் போனார். மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கையொப்பம் இட்டார் என்று மட்டும் எழுதுகிறேன்.

19. எனவே தாங்கள் கருணையுடன் பரிசீலித்து, பார்வை 1இல் கண்ட புகாரில் ‘பொதுநலன் விரும்பி’ என்ற இடத்தில் என்னைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய நடவடிக்கை எதுவாயினும் என் மேல் எடுத்து, அறையை மட்டும் அதிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன். பத்தி 11இல் கண்ட நிபந்தனைகளை எழுத்தில் தந்தால் அத்தனை பேரும் கட்டுப்படுகிறோம். துணி அறையின் கதவில், வெளிப்புறத்தில், பூட்டிய நாளிலும் தெரியும்படி, பத்தி 5இல் கண்ட எண்ணையும் சொற்களையும் பெயின்டர் தன் கையால் எழுத அனுமதி தர வேண்டுகிறேன். அவரால் அதிக நாள் காத்திருக்க முடியாது. நான்காம் மாடியில் என்ன செய்தி வந்தாலும் எழுதிவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

20. நாளை காலை எட்டு மணிக்கு என் மனைவியை ஏழாம் எண் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். சாத்திய பிறகு நான் திரும்பி நடக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை. எட்டு மணிக்கு முன் அந்த இன்னொரு கதவைத் திறந்து வைக்கும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 18ஆம் தேதி, புதன்கிழமை.
இடம்: இரண்டாம் மாடி, பூட்டிய கதவின் முன்.

இப்படிக்குத் தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனு எழுதுபவர்

உடன் கையொப்பமிட்டோர்:
தையல்காரம்மா (ஒப்பம்)
பெயின்டர் (ஒப்பம்)
மனு எழுதுபவரின் மனைவி (ஒப்பம்)
நிழற்குடையில் இருந்த மற்ற ஆறு பேர் (ஒப்பங்கள் மறுபக்கத்தில்)
லிஃப்ட் மெக்கானிக் (இடம் விடப்பட்டுள்ளது)